பழைய சிஸ்டத்தை அணைக்கும் முன்

சிறிய கணக்கு அலுவலகங்களில் கணினி மாற்றும் நாளில் எல்லோருடைய கவனமும் டேட்டா மேல்தான் இருக்கும். பென் டிரைவில் ஒரு பிரதி, எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒரு பிரதி, கூகுள் டிரைவில் இன்னொன்று என்று ஏற்றி வைத்துவிட்டுப் பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுகிறார்கள். மறுநாள் புதிய சிஸ்டத்தில் கணக்கு மென்பொருளான டாலியைத் திறந்தால் அது எஜுகேஷனல் மோடில் நிற்கிறது. மாதத்தின் 1ஆம் தேதி, 2ஆம் தேதி, கடைசித் தேதி, இந்த மூன்று நாட்களுக்கு மட்டுமே வவுச்சர் போட விடுகிறது. டேட்டா முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது, அதில் வேலை செய்யும் அனுமதிதான் வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய அனுமதி அது.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற படிகள் தாமாகப் புரியும். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்ததிலிருந்து ஆக்டிவேஷன் என்ற முறை வீட்டுக் கணினிகள் வரைக்கும் பரவியது. லைசென்ஸ் கீயைப் பதியும்போது அந்த மென்பொருளானது மதர்போர்டு, நெட்வொர்க் கார்டு, டிஸ்க் போன்றவற்றின் அடையாளங்களைச் சேர்த்து அந்தக் கணினிக்கென்று ஒரு குறியீட்டை உண்டாக்கித் தயாரிப்பாளரின் சர்வருக்கு அனுப்புகிறது. இன்ன கீ இன்ன கணினியில் இருக்கிறது என்று அங்கே பதிவாகிவிடுகிறது. பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்து புதிய சிஸ்டத்தில் மாட்டினாலும் பல மென்பொருள்கள் லைசென்ஸ் இல்லை என்று சொல்வது இதனால்தான். டிஸ்கில் இருக்கும் குறியீடும் சுற்றியிருக்கும் உறுப்புகளும் பொருந்துவதில்லை. ஆகவே இந்த வேலைக்கு இரண்டு பாதிகள் உண்டு. பழைய கணினியிலிருந்து உரிமத்தை விடுவிப்பது ஒன்று, புதியதில் பதிவது மற்றொன்று. முதல் பாதியைப் பழைய சிஸ்டம் உயிரோடும் இணைய இணைப்போடும் இருக்கும்போது செய்தால் சில நிமிடங்களில் முடியும். அது கைவிட்டுப் போன பிறகு செய்வதென்றால் பில்லும் மெயிலுமாக அலைய வேண்டியிருக்கும்.

இப்போது இதைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆஃபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் அதே நாள்தான் கடைசி. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிஸ்டங்களும் வரிசையாக மாற்றப்படுகின்றன. அவற்றில் இருக்கும் லைசென்ஸ்கள் பல பத்து வருடம் முன்பு வாங்கியவை. யார் வாங்கினார், எந்த மெயிலில் பதிந்தார் என்பது அலுவலகத்தில் யாருக்கும் நினைவில் இருக்காது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குவோம். டிடிஎஸ் கட்ட 7ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, 3பிக்கு 20 என்று மாதத்தின் முதல் மூன்று வாரமும் கெடு தேதிகளால் நிரம்பியிருக்கின்றன. மாதாந்தரக் கணக்கு தாக்கல் செய்யும் அலுவலகத்துக்கு 21க்குப் பிறகு மாதக் கடைசி நெருங்குவதற்குள் இருக்கும் சில நாட்கள்தான் தோது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். சிக்கல் வந்தால் டீலரையோ நிறுவனத்தின் உதவி எண்ணையோ கூப்பிட வேண்டியிருக்கும். அவர்கள் எடுக்கும் நாளாக இருக்கட்டும்.

அடுத்து ஒரு நோட்டு. எக்செல் கோப்பாக இருந்தாலும் சரி, ஆனால் அது மாற்றப்போகும் சிஸ்டத்தில் மட்டும் இருக்கக்கூடாது. பழைய கணினியின் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து முழுசையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இலவச மென்பொருள்களை அடித்துவிட்டு, காசு கொடுத்தவற்றை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிப்பு, சீரியல் நம்பர், வாங்கிய தேதி, பில் எங்கே இருக்கிறது, எத்தனை கணினிக்கு அனுமதி என்பவற்றை எழுத வேண்டும். இவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் போடுங்கள்: பதிந்த மெயில் எது, ஓடிபி எந்த மொபைலுக்கு வரும்.

இந்த இரண்டு கட்டங்களில்தான் பல அலுவலகங்கள் மாட்டிக்கொள்கின்றன. மென்பொருளை நிறுவ வந்த டீலரின் ஆள், அவசரத்தில் தன் மெயிலையே போட்டுப் பதிந்திருப்பார். அல்லது அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் சொந்த ஜிமெயில் இருக்கும். அவர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய் வருடங்கள் ஆகியிருக்கும். அந்த மொபைல் எண்ணும் மாறியிருக்கும். சட்டப்படி பணம் கட்டியவர் முதலாளி, சர்வரின் கண்ணுக்கு உரிமையாளர் அந்த மெயில். அன்லாக் கீயும் கடவுச்சொல் மாற்றும் இணைப்பும் அங்கேதான் போகும். ஆகவே லைசென்ஸை மாற்றும் முன் மெயிலை மாற்றுங்கள். அலுவலகத்தின் பெயரில், ஆட்கள் மாறினாலும் மாறாத ஒரு மெயில் முகவரியை உண்டாக்கி, முதலாளியின் எண்ணை அதற்கு மீட்பு எண்ணாகக் கொடுத்து, ஒவ்வொரு மென்பொருள் கணக்கிலும் அதைப் பதிவு முகவரியாக மாற்ற வேண்டும். பழைய மெயில் இன்னும் திறக்கிறது என்றால் இது எளிது. திறக்கவில்லை என்றால் பில்லையும் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதிய கடிதத்தையும் அனுப்பி வேண்டிக்கொள்ள வேண்டும். அதற்கு நாட்கள் பிடிக்கும் என்பதால் இந்த ஒரு வேலையைப் புதிய சிஸ்டத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். மென்பொருள் விற்பவர்களிடமும் ஒரு வார்த்தை: வாடிக்கையாளரின் மெயிலில் பதிந்து கொடுப்பது அவருக்குச் செய்யும் சலுகை அல்ல, அவர் கொடுத்த காசுக்கு உரிய பொருளை அவர் கையில் கொடுப்பது.

இனி ஒவ்வொன்றாக வருவோம். விண்டோஸைப் பொறுத்தவரை மாற்றுவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. டெல், ஹெச்பி, லெனோவோ என்று பிராண்டட் சிஸ்டம் வாங்கினால் அதோடு வருவது ஓஇஎம் உரிமம். அது முதன்முதல் ஏற்றிய மதர்போர்டோடு கட்டுண்டது. அதோடே பிறந்து அதோடே முடியும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து இந்தக் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பழையதற்கு அதன் விண்டோஸ், புதியதற்கு அதோடு வந்த விண்டோஸ். உதிரி வாங்கி அசெம்பிள் செய்த சிஸ்டங்களில்தான் கேள்வி எழும். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு ஒரு சாய்கோட்டையும், டி, எல், ஐ என்ற மூன்று எழுத்துகளையும் தட்டி என்டர் கொடுங்கள். சிறு பெட்டி ஒன்று திறந்து, உரிமம் ஓஇஎம்மா, ரீடெயிலா, வால்யூமா என்று சொல்லும். ரீடெயில் என்று இருந்தால் அதைப் புதிய கணினிக்குக் கொண்டு போகலாம். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, அதே ஐந்து எழுத்துகளோடு சாய்கோடு, யு, பி, கே என்று கொடுத்தால் பழைய கணினியிலிருந்து கீ நீங்கும். புதியதில் அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ, நிறுவிக் கீயைப் பதியலாம். உரிமத்தை முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் இருக்கும் ட்ரபிள்ஷூட்டரில், கணினியின் வன்பொருளை மாற்றியதாகச் சொல்லும் தேர்வு உதவும்.

வால்யூம் என்று வந்தால் யோசிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மொத்தமாகக் கொடுக்கப்படும் உரிமம் அது. மூன்று பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் அது இருக்கிறது என்றால், சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கப்படும் கீயை யாரோ போட்டுக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அதைப் புதிய சிஸ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவதற்கு ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் கொடுக்கிறது. புதிய கணினி வாங்கும் நேரம் கணக்கை நேர் செய்துகொள்ள நல்ல நேரம்.

ஆஃபீஸில் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. பெட்டியோடு வந்த 25 எழுத்துக் கோட் அட்டையை லாக்கரில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஆஃபீஸ் 2013 தொடங்கி, அந்தக் கோட் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒரு முறை சேர்க்கத்தான். சேர்த்த பிறகு கணக்குதான் உரிமம். எந்தக் கணக்கு என்று மறந்திருந்தால், பழைய சிஸ்டத்தில் வேர்டைத் திறந்து ஃபைல், அக்கவுன்ட் என்று போனால் இந்தத் தயாரிப்பு யாருக்குரியது என்று மெயிலோடு காட்டும். அதைப் படம் எடுத்து நோட்டில் எழுதுங்கள். கடையில் தனியாக வாங்கிய ஆஃபீஸ் ஹோம் அண்ட் பிசினஸ் போன்றவற்றைப் பழையதிலிருந்து நீக்கிவிட்டு, புதியதில் அதே கணக்கால் உள்ளே போய் நிறுவலாம். 90 நாட்களுக்கு ஒரு முறைதான் இப்படி மாற்ற விதி அனுமதிக்கிறது. 2013இல் அந்தப் பதிப்பு வந்தபோது வேறு கணினிக்கு மாற்றவே முடியாது என்றுதான் இருந்தது. வாங்கியவர்கள் எழுப்பிய எதிர்ப்பால் சில வாரங்களிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த விதியைத் தளர்த்தியது. லேப்டாப்போடு இலவசமாக வந்த ஆஃபீஸ் இந்தச் சலுகைக்குள் வராது. அது அந்த லேப்டாப்புக்கு உரியது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா என்றால் கவலை இல்லை, கணக்குப் பக்கத்தில் பழைய கருவியை வெளியேற்றிவிட்டுப் புதியதில் உள்ளே போனால் போதும்.

டாலிக்கு நிதானம் தேவை. இங்கே வரிசை மாறினால் வேலை நின்றுவிடும். பலர் முதலில் பழையதில் லைசென்ஸைச் சரண்டர் செய்துவிட்டு, அதாவது விடுவித்துவிட்டு, பிறகு புதிய சிஸ்டத்தில் நிறுவத் தொடங்குகிறார்கள். நடுவில் டேட்டா திறக்காமல் போனால் இரண்டு பக்கமும் வேலை நடக்காது. தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் பழையதில் பேக்கப் எடுங்கள். டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதைக் கம்பெனி தேர்ந்தெடுக்கும் திரையில் தெரியும் பாதையிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு கம்பெனியும் ஓர் எண்ணுள்ள ஃபோல்டராக இருக்கும். சிலர் பழைய வருடக் கம்பெனிகளை வேறொரு டிரைவில் வைத்து மறந்திருப்பார்கள், அதையும் தேடுங்கள். பிறகு புதிய சிஸ்டத்தில் டாலியை நிறுவி, லைசென்ஸ் கேட்கும் இடத்தில் எஜுகேஷனல் மோடைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். அந்த மோடிலும் டேட்டாவைத் திறந்து பார்க்கலாம். டிரயல் பேலன்ஸையும் பேலன்ஸ் ஷீட்டையும் இரண்டு திரையிலும் வைத்து ஒப்பிடுங்கள். மொத்தம் பொருந்திய பிறகுதான் அடுத்தது.

நிறுவும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டாலியின் ஆண்டுச் சந்தாவான டிஎஸ்எஸ் முடிந்திருந்தால், முடிந்த பிறகு வெளியான புதிய ரிலீஸுக்கு உங்கள் லைசென்ஸ் செல்லாது. இணையத்திலிருந்து கடைசி ரிலீஸை இறக்கி நிறுவி, டேட்டாவை அதில் திறந்து மைகிரேட் செய்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். சில ரிலீஸ்களுக்கு மாறிய டேட்டா பழைய ரிலீஸில் திறக்காது. ஆகவே டிஎஸ்எஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துப் புதுப்பியுங்கள், இல்லையென்றால் பழைய சிஸ்டத்தில் இருக்கும் அதே ரிலீஸின் நிறுவல் கோப்பையே பயன்படுத்துங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சட்டப்படி வாங்கியவர் இழப்பிலிருந்து காத்துக்கொள்ள நிரலின் காப்புப் பிரதி வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. எந்த மென்பொருள் வாங்கினாலும் அன்றே அதன் நிறுவல் கோப்பை ஒரு டிஸ்கில் சேமித்து வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

டேட்டா சரி என்று தெரிந்ததும் பழைய சிஸ்டத்துக்கு வாருங்கள். டாலிபிரைமில் எஃப்1 அழுத்தி, செட்டிங்ஸ், அதற்குள் லைசென்ஸ் என்று போனால் சரண்டர் செய்யும் தேர்வு இருக்கும். நிர்வாகி மெயிலும் டாலி.நெட் கடவுச்சொல்லும் கேட்கும். கொடுத்தால் சர்வரில் உரிமம் விடுபட்டு, பழைய சிஸ்டம் எஜுகேஷனல் மோடுக்குப் போகும். உடனே புதிய சிஸ்டத்தில் லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்யும் தேர்வில் அதே மெயிலையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். அன்லாக் கீ அந்த மெயிலுக்கு வரும், அதைப் பதிந்ததும் மேலே சீரியல் நம்பரும் சில்வர் அல்லது கோல்டு என்ற பெயரும் தெரியும். கோல்டு என்றால் இன்னொரு வேலை பாக்கி. லைசென்ஸ் ஒரு கணினியில் உட்கார்ந்திருக்க, மற்றவை நெட்வொர்க் வழியாக அதைக் கேட்டு வாங்குகின்றன. வழக்கமாக 9999 என்ற போர்ட்டில். லைசென்ஸ் இருக்கும் கணினியை மாற்றினால், மற்ற ஒவ்வொரு சிஸ்டத்திலும் அதன் பெயரைத் திருத்த வேண்டும். புதிய கணினிக்குப் பழையதன் பெயரையே வைத்துவிட்டால் இந்த வேலை குறையும். உங்களுக்கென்று எழுதித் தந்த இன்வாய்ஸ் ஃபார்மேட் போன்ற டிடிஎல் கோப்புகள் இருந்தால் அவற்றையும் கொண்டுவந்து கான்ஃபிகர் செய்யுங்கள். டாலிவால்ட் கடவுச்சொல் போட்டிருக்கும் கம்பெனிகளின் கடவுச்சொல்லை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். அது மறந்தால் மீட்க வழி இல்லை.

டிஜிட்டல் சிக்னேச்சரை மாற்ற வேண்டியதே இல்லை. அந்தரங்கச் சாவி யுஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே பிரதி எடுக்க முடியாதபடிதான் டோக்கன் செய்யப்பட்டிருக்கிறது. புதிய சிஸ்டத்தில் டோக்கனுக்குரிய டிரைவரையும், ஜிஎஸ்டி தளத்துக்கான எம்சைனரையும் நிறுவினால் முடிந்தது. பின் நம்பரை மட்டும் ஊகித்து ஊகித்துப் போடாதீர்கள், சில தவறுகளுக்குப் பிறகு டோக்கன் பூட்டிக்கொள்ளும். ஆன்டிவைரஸுக்கும் சுருக்கமான வழிதான்: கீயை எழுதிக்கொண்டு, இணையம் இணைந்திருக்கும்போதே பழையதிலிருந்து முழுமையாக நீக்கி, புதியதில் அதே கீயைப் பதிந்தால் மிச்ச நாட்கள் தொடரும்.

டிடிபி வேலையும் சேர்த்துச் செய்யும் இடங்களில்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சில முடிவுகளை எடுக்க வேண்டும். அடோபி கிரியேட்டிவ் கிளவுட் என்றால் சிக்கல் இல்லை. ஒரு கணக்கு இரண்டு கணினிகளில் ஆக்டிவேட் ஆகும், பழையதில் வெளியேறிவிட்டுப் புதியதில் உள்ளே போகலாம். ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய சிஎஸ் தொகுப்புகளில் ஹெல்ப் மெனுவில் டீஆக்டிவேட் என்று இருக்கும். அதை அழுத்தாமல் டிஸ்கை ஃபார்மேட் செய்தால் அனுமதித்த இரண்டு கணினிகளில் ஒன்றுக்கான இடம் வீணாகிறது. சிஎஸ்2, சிஎஸ்3 பதிப்புகளுக்கான ஆக்டிவேஷன் சர்வர்களை அடோபி நிறுத்திவிட்டது. பில் இருக்கலாம், சீரியல் இருக்கலாம், சரிபார்த்துச் சொல்ல அந்தப் பக்கம் யாரும் இல்லை. தமிழ் எழுத்துருத் தொகுப்புகள் பலவும் ஒரு காலத்தில் டாங்கிள் என்ற, கணினியில் செருகும் உரிமச் சாவியோடு விற்கப்பட்டன. யுஎஸ்பி டாங்கிள் என்றால் 64 பிட் விண்டோஸுக்கான டிரைவர் கிடைக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும். பிரிண்டர் போர்ட்டில் செருகும் 25 பின் டாங்கிள் என்றால் புதிய கணினியில் அந்தத் துளையே கிடையாது. சந்தையில் விற்கும் யுஎஸ்பி மாற்றிகள் பிரிண்டருக்கென்று செய்தவை, டாங்கிளுக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே இல்லை என்பதால் பழைய 16 பிட் நிறுவல் நிரல்களும் அதில் ஓடாது.

இத்தகைய மென்பொருள்களுக்கு என் யோசனை: பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த ஒரு வேலைக்கென்று மேசை ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் சில ஆயிரத்தைவிட, டாம், டாப், பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் வருடக்கணக்காகச் சேர்ந்த மலர்களும் அழைப்பிதழ்களும் புத்தகப் பக்கங்களும் திறப்பது பெரிது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றை ஒவ்வொன்றாகப் பிடிஎஃப்பாகவும், உரையை யூனிகோடாகவும் மாற்றி வையுங்கள்.

பழைய சிஸ்டம் ஏற்கெனவே இறந்துவிட்டது என்றால்? டிஸ்க் நன்றாக இருந்தால் யுஎஸ்பி உறையில் போட்டு டேட்டாவை எடுத்துவிடலாம். அதிலிருந்து ஆக்டிவேஷன் வராது. நோட்டில் எழுதிய வரிசைப்படி ஒவ்வொரு நிறுவனத்தின் உதவிப் பிரிவையும் பதிவு செய்த மெயிலிலிருந்து தொடர்பு கொண்டு, பழைய கணினி பழுதானதைச் சொல்லி, சீரியல் நம்பரோடும் பில்லின் படத்தோடும் உரிமத்தை விடுவிக்கக் கேளுங்கள். உண்மையில் வாங்கியவர் என்று தெரிந்தால் உதவத்தான் செய்கிறார்கள். மதர்போர்டு போனது தெரிந்த அன்றே எழுதிவிடுங்கள்.

எல்லாம் பதிந்த பிறகும் பழைய சிஸ்டத்தை ஒரு மாதச் சுற்று முடியும்வரை அழிக்காமல் வையுங்கள். புதியதில் ஒரு ஜிஎஸ்டி தாக்கல், ஒரு டிடிஎஸ் கட்டணம், ஒரு சம்பளப் பட்டியல் முழுதாகப் போய்வர வேண்டும். விட்டுப்போன ஏதோ ஒரு எழுத்துருவோ எக்செல் மேக்ரோவோ அப்போதுதான் தெரியவரும். அதன் பிறகு பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கி, மைக்ரோசாஃப்ட், கூகுள், அடோபி கணக்குகளிலிருந்து அந்தக் கருவியை வெளியேற்றி, விண்டோஸின் ரீசெட் தேர்வில் எல்லாவற்றையும் அகற்றி டிரைவையும் துடைக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்குகளும் இருந்த டிஸ்க் அது. துடைத்ததில் சந்தேகம் இருந்தால் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். நோட்டில் ஒவ்வொரு மென்பொருளுக்கு எதிரிலும் மாற்றிய தேதியையும் புதிய கணினியின் சீரியல் எண்ணையும் எழுதுங்கள். ஆஃபீஸுக்கு எதிரே 90 நாள் முடியும் தேதி, டாலிக்கு எதிரே டிஎஸ்எஸ் புதுப்பிக்கும் தேதி, டோக்கனுக்கு எதிரே சான்றிதழ் காலாவதியாகும் தேதி என்று குறித்து, நோட்டின் ஒரு பிரதியை முதலாளியின் வீட்டில் வைத்துவிடுங்கள்.